இதயச் சிக்கல் இல்லாத 364 நாட்கள்

பூர்ணகும்பா மருத்துவமனையில் மூன்றாம் மாடி நுரையீரலுக்கு, ஐந்தாம் மாடி இதயத்துக்கு. நடுவில் இருக்கும் நாலாம் மாடியைச் சிறுநீரகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘ஒரு மாடி, ஓர் உறுப்பு’ என்பது நிறுவனத்தின் கொள்கை. லிஃப்டுக்குள்கூட எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மனிதனைப் படைத்த ஆள் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் திணித்து, ஒன்றோடொன்று குழாய் மாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் குளறுபடியைத் தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் ஏழு மாடி எழுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மூன்றாம் மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு பெரிய பலகை. ‘இத்தளத்தில் இதயச் சிக்கல் இல்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே சிவப்பு எழுத்தில் எண். தினமும் காலை எட்டு மணிக்கு எண்ணை மாற்றுவார்கள். மாற்றும்போது மாடியில் நிற்கிற எல்லோரும் கைதட்ட வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் தர மேலாளர் ஸ்ரீரங்கன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு இரும்புப் பட்டறைக் கம்பெனியில் இருந்து வந்தவர். அங்கே ஆறு வருஷம் ஒருத்தர் விரல்கூட நசுங்காமல் பலகையில் பார்த்துக்கொண்டவர் என்று பெயர்.

நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்களில் கணிசமான பேருக்கு இதயத்திலும் தொந்தரவு வரும். துடிப்பு தாறுமாறாகும், இதயம் களைத்துப் போகும், சிலருக்கு மாரடைப்பே வந்துவிடும். வயதானவர் என்றால் இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். வைத்தியம் படித்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பலகை மாட்டிய நாளிலிருந்து இந்த மாடியில் ஒருவருக்கும் வரவில்லை. அதற்கு முந்தின மாதம் ஒன்பது பேருக்கு வந்திருந்தது.

சவுரிமுத்து வந்து சேர்ந்தது முந்நூற்று அறுபதாம் நாள். பொழிச்சலூர்க்காரர், அறுபத்திரண்டு வயது, போர்வெல் மோட்டார் மெக்கானிக். முடிச்சூரில் ஒரு அபார்ட்மென்டில் மழைத்தண்ணீரில் மூழ்கிய மோட்டாரைத் தூக்க இறங்கியவர், அதைத் தூக்கிவிட்டுக் காய்ச்சலைக் கூட்டிக்கொண்டு வந்தார். படம் எடுத்ததில் வலது நுரையீரல் பாதி வெள்ளை. கையில் நுரையீரல் மாடிக்கான நீலப் பட்டையைக் கட்டி, பன்னிரண்டாம் கட்டிலில் படுக்கவைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நாலு நாளில் காய்ச்சல் தணிந்தது. மனைவி ஞானம்மாள் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

முந்நூற்று அறுபத்து நாலாம் நாள் காலை, இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு சவுரிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஞானு, கைய வச்சிப் பாரு. நாலு தபா ஓடுது, ஒரு தபா நிக்குது, அப்பால மூணு தபா ஒண்ணா குதிக்குது. தண்ணி எறங்கிப்போன போர்ல மோட்டாரு இப்டித்தான் ஏர் இழுக்கும்.”

ஞானம்மாள் கை வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் அந்த நெஞ்சின் பக்கத்தில் தூங்கியவள். இது அந்தத் துடிப்பு இல்லை என்று உடனே தெரிந்தது.

நர்ஸ் நாகலக்ஷ்மி வந்து அவர் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தாள். துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. கழற்றித் துடைத்து மாட்டினாள். நூற்றுப் பதினாறு. உதறிவிட்டு மாட்டினாள். நூற்று அறுபத்தொன்று. கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“பேட்டரி வீக்கும்மா,” என்றவள், அட்டையில் நேற்று எழுதியிருந்த எழுபத்திரண்டுக்குக் கீழே ‘மேற்படி’ என்று போட்டாள்.

“இன்னா சிஸ்டர், மிஷின் நூத்தி அறுபதுன்னுச்சி, நீ எழுபத்திரண்டுன்ற?”

நாகலக்ஷ்மி கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அம்மா, நாளைக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு. சேர்மன் வர்றாரு. கேக் சொல்லியாச்சு, கேக்குல நம்பரும் எழுதியாச்சு.”

“கேக்குக்கும் எங்க வூட்டுக்காரர் நெஞ்சுக்கும் இன்னா சம்பந்தம்?”

“அதைத்தான் நானும் ஒரு தடவை கேட்டேன். ஆறு மாசம் என்னை ஏழாவது மாடியில துணி எண்ண விட்டாங்க.”

ஒன்பது மணிக்கு நுரையீரல் நிபுணர் டாக்டர் ஷ்யாம்சுந்தர் சுற்றுக்கு வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தார், வலது மார்பில் வைத்தார். இடது மார்பை நெருங்கியதும் கை தானாகவே திரும்பி மறுபடி வலதுக்குப் போனது. ஒரு வருஷப் பழக்கம்.

“நெஞ்சு படபடன்னு அடிச்சிகினு கீது டாக்டர்,” என்றார் சவுரிமுத்து.

“எந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கம். இடது.”

“உங்களுக்கு இன்ஃபெக்ஷன் வலது பக்கம்தானே. இடது பக்கம் நமக்கு கம்ப்ளெயின்ட்டே கிடையாது.” டாக்டர் கோப்பைப் புரட்டினார். “பல்ஸ் எழுபத்திரண்டு, மேற்படி, மேற்படி. ரொம்ப ஒழுங்கான மனுஷன். நீங்க இதயம்னு நினைக்கிறீங்க பாருங்க, அது இதயம் இல்லை. நுரையீரல் குணமாகறப்ப இதயம் மாதிரி ஒரு உணர்ச்சி வரும்.”

அவருக்குப் பின்னால் நின்ற இளம் டூட்டி டாக்டர் மாளவிகா வாயைத் திறந்தாள். ஷ்யாம்சுந்தர் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டாள்.

ஞானம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி ஐந்தாம் மாடிக்குப் போனாள். அங்கே ‘டாக்டர் ராஜாராமன், இதயம்’ என்று பித்தளைப் பலகை போட்ட அறை. டாக்டர் ராஜாராமன் மிகுந்த மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“அவர் கையில பட்டை என்ன கலர்?”

“நீலம் சார்.”

“அடடா. சிவப்பா இருந்தா இப்பவே ஓடி வந்திருப்பேன்.”

“ரெண்டு மாடி எறங்கி ஒரு தபா கைய புடிச்சிப் பாத்துட்டு வந்துடுங்க சார். புண்ணியமா போவும்.”

“நான் இறங்கினா அது இதய ஆலோசனை. ஆலோசனைன்னா மூணாவது மாடியிலேர்ந்து அழைப்புப் படிவம் வரணும். ஒரு வருஷமா அங்கேர்ந்து ஒரு படிவம்கூட வரலை. அவ்வளவு ஆரோக்கியமான மாடி. எனக்கே நெஞ்சு வலி வந்தா அங்கேதான் போய்ப் படுப்பேன்.”

அழைப்புப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில், அது ஸ்ரீரங்கன் அறையில் பூட்டிய அலமாரியில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போனாள். ஸ்ரீரங்கன் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. கோபமே வராத முகம்.

“உட்காருங்கம்மா. உங்க பதற்றம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயத்தை நீங்க புரிஞ்சுக்கணும். சிக்கல் வராம பார்க்கிறது டாக்டர் வேலை. சிக்கல் பதிவாகாம பார்க்கிறது என் வேலை. ரெண்டுல எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க.”

“அந்தப் படிவம் ஒண்ணு குடுங்க சார்,” என்றாள் ஞானம்மாள்.

“நாங்க எதையும் மறைக்கிறது இல்லை. சிக்கல்னா என்னன்னு வரையறை வச்சிருக்கோம். அட்டையில தொடர்ந்து மூணு தடவை எழுதியிருந்தாத்தான் சிக்கல். உங்க கணவருக்கு ஒரு தடவைகூட எழுதலை. அதனால அவருக்கு ஒண்ணும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல அழறீங்க.”

“அவரு செத்துப்போய்ட்டாருன்னா?”

ஸ்ரீரங்கன் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார்.

“நுரையீரல் காரணமாப் போனார்னு வரும். அதுக்குப் பலகை இல்லை.”

ஞானம்மாள் அந்த அறையின் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகைச் சத்தம் காத்திருப்போர் கூடம் வரைக்கும் போனது. அங்கே ‘புகார் இல்லாத நாட்கள்’ என்று வேறொரு பலகை இருந்ததால் ஸ்ரீரங்கன் அசைந்து கொடுத்தார். ஒரு வழி சொன்னார். லிஃப்ட் எந்த மாடிக்கும் சொந்தமில்லை. நோயாளியைக் கட்டிலோடு லிஃப்டுக்குள் ஏற்றி, மூன்றாம் மாடியை விட்டுக் கிளம்பி, நாலை அடையும் முன் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டால் அது எந்தத் தளத்திலும் நடந்ததாகாது.

அப்படியே ஏற்றினார்கள். மாளவிகா ஈ.சி.ஜி. மெஷினோடு உள்ளே நுழைந்து சவுரிமுத்துவின் மார்பில் வயர்களை ஒட்ட ஆரம்பித்தாள். நாலாவது வயருக்குள் கதவு திறந்து ‘நாலாம் தளம், சிறுநீரகம்’ என்று ஒரு பெண்குரல் இனிமையாக அறிவித்தது. மறுபடி கீழே. ஆறாவது வயரில் ‘மூன்றாம் தளம், நுரையீரல்’. இப்படி மூன்று தடவை மேலும் கீழும் போனதில் சவுரிமுத்துவுக்குத் தலை சுற்றியது. நாலாவது தடவை, லிஃப்ட் பராமரிப்பு தட்சிணாமூர்த்தி கதவில் காலை வைத்துத் தடுத்தார்.

“டாக்டர், இங்க எடுக்கக் கூடாது. லிஃப்டுக்குள்ள என்ன நடந்தாலும் என் ரிஜிஸ்டர்ல வரும். எண்ணூறு நாளா இதுல ஒரு ஆளுக்கு மயக்கம்கூட வந்ததில்லை.”

“இவருக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்.”

“அப்ப வந்த இடத்துக்கே கொண்டுபோங்க.”

கொண்டுபோனார்கள். பன்னிரண்டாம் கட்டிலில் மறுபடி படுத்தபோது சவுரிமுத்துவின் நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. உதட்டின் நிறம் மாறியிருந்தது. பேச்சு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாகிவிட்டது. ஞானம்மாள் அவர் பாதத்தை அழுத்தினாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

மாளவிகா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏதோ படிவத்தில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் பேசினாள். “அம்மா, நிமோனியாவுல இது வரும். வரும்னு எதிர்பார்த்துத்தான் பார்க்கணும். இவருக்கு வந்திருக்கு. உடனே பார்த்தா சரியாகிடும், விட்டாத்தான் ஆபத்து. நான் சொன்னா இங்க யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா வெளியிலேர்ந்து நெஞ்சு வலின்னு ஆட்டோவில வர்றவங்களைக் கீழ எமர்ஜென்ஸியில நாலு நிமிஷத்துல பார்ப்பாங்க. அதுக்குன்னே அங்க ஒரு கடிகாரம் இருக்கு.”

“நாங்க உள்ள கீறோமே டாக்டரம்மா.”

“வெளிய போய்ட்டு வாங்க,” என்றாள் மாளவிகா.

நுரையீரல் நோயாளிகளுக்கு வெயில் நல்லது என்று யாரோ நிபுணர் எப்போதோ சொல்லி, அதற்கும் ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தார்கள். மாளவிகா ‘இருபது நிமிடம் வெயில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சக்கர நாற்காலியில் சின்ன ஆக்சிஜன் உருளையை மாட்டித் தந்தாள். வாசல் காவலாளி சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“வெயில் காம்பவுண்டுக்குள்ளதான் காயணும்.”

“உள்ள எங்கப்பா கீது? பூரா உங்க பில்டிங்கு நெழலு. வெயிலு அந்தாண்ட ரோட்டுல கீது, பாரு.”

காவலாளி நிமிர்ந்து பார்த்தார். உண்மைதான். விட்டுவிட்டார்.

ரோட்டில் அசரியாவின் ஆட்டோ நின்றது. பொழிச்சலூரில் அவர்களுக்கு எதிர்வீட்டுக்காரன். ஞானம்மாள் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். இருவருமாகச் சவுரிமுத்துவைத் தூக்கி உட்காரவைத்து, உருளையை அவர் மடியில் வைத்தார்கள். உள்ளே போகும் வாசல் வெளியே வரும் வாசலிலிருந்து நாற்பதடிதான். ஆனால் அது ஒருவழி. நாற்பதடி பின்னால் போக, தெற்கே போய் யூ டர்ன் அடித்து, எதிர்ப்பக்கம் வந்து, இன்னொரு யூ டர்ன் அடிக்க வேண்டும். நடுவில் செங்கல்பட்டு பஸ் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றியது.

“அக்கா, அண்ணன் கண்ண மூடுது. பேச்சு குட்துகினே வா,” என்று கத்தினான் அசரியா.

“இன்னாங்க, இங்க பாருங்க. முடிச்சூர் மோட்டாரு எத்தினி எச்.பி.?”

“அஞ்சு,” என்றார் சவுரிமுத்து. கொஞ்ச நேரம் கழித்து, “ஏழரை,” என்றார்.

ஞானம்மாள் மாதாவுக்கு நேர்ந்த மெழுகுவர்த்தியை ஒன்றிலிருந்து ஐம்பதாக ஏற்றினாள். நீலப் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்து ரோட்டில் எறிந்தாள். ஆட்டோ உள்ளே நுழைந்தது.

அந்த மருத்துவமனைக்கு இத்தனை கால்கள் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மணி அடித்தது, கடிகாரம் ஓடத் தொடங்கியது, ஆறு பேர் ஓடி வந்தார்கள். சட்டையைக் கத்தரித்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கின்றன, களைப்பில் நீர் கட்ட ஆரம்பித்திருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். ஊசி போட்டார்கள். மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி. எல்லோரும் கட்டை விரலை உயர்த்தி நிற்க, கடிகாரத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சவுரிமுத்துவின் கட்டை விரலையும் ஒருத்தர் உயர்த்திப் பிடித்தார்.

“இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம். எங்கம்மா இவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?” என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

“வெயில்ல,” என்றாள் ஞானம்மாள்.

பதிவு மேசையில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மூன்றாம் மாடியில் ஏற்கெனவே ஒரு சவுரிமுத்து, அறுபத்திரண்டு, பொழிச்சலூர். பிறகு சமாதானமாகிவிட்டார். “ஊர்ல இந்தப் பேர் ஜாஸ்தி போல,” என்று சிவப்புப் பட்டையைக் கட்டி ஐந்தாம் மாடிக்கு அனுப்பினார். டாக்டர் ராஜாராமன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஞானம்மாளைப் பார்த்து, “நேரா வந்தீங்க பாருங்க, இதுதான் புத்திசாலித்தனம்,” என்றார். சாயங்காலத்துக்குள் துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கியது.

பன்னிரண்டாம் கட்டில் காலியாக இருப்பதை நாகலக்ஷ்மி மத்தியானமே பார்த்துவிட்டாள். நோயாளியைக் காணோம் என்று எழுதலாம்தான். ஆனால் ‘காணாமல் போன நோயாளி இல்லாத நாட்கள்’ ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, அதுவும் அதே சுவரில். அவள் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு அட்டையை எடுத்தாள். காய்ச்சல் இல்லை. துடிப்பு எழுபத்திரண்டு, மேற்படி. இருமல் இல்லை. உணவு நன்றாக உண்டார். சாயங்காலம் ‘உற்சாகமாக இருக்கிறார்’ என்றும் சேர்த்தாள். மறுநாள் காலை ஷ்யாம்சுந்தர் கட்டில் ஓரத்தில் நின்று கோப்பைப் படித்தார், தலையை ஆட்டினார், ‘நுரையீரல் முழுவதும் தெளிவு’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாளவிகா மட்டும், பன்னிரண்டாம் கட்டிலுக்கென்று வரும் நிமோனியா மருந்தை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை படியேறி ஐந்தாம் மாடிக்கு வந்தாள். யாரும் பார்க்காதபோது சவுரிமுத்துவுக்கு ஏற்றிவிட்டுப் போனாள்.

விழா பதினோரு மணிக்கு நடந்தது; சேர்மனுக்காக அன்றைக்கு எண் மாற்றுவதையும் அதுவரை தள்ளிவைத்திருந்தார்கள். எல்லா மாடிக்கும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். முந்நூற்று அறுபத்தைந்து என்று எண் மாறியபோது கட்டடமே கைதட்டியது. ஸ்ரீரங்கன் பேசினார்.

“சேர்மன் அவர்களே, ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் சொல்ல ஆசைப்படுகிறேன். பன்னிரண்டாம் கட்டில். நேற்றிலிருந்து அவரிடம் ஒரு இருமல் இல்லை, ஒரு கேள்வி இல்லை, மணி அடித்து யாரையும் கூப்பிடவில்லை. கட்டில் விரிப்புகூடக் கலையவில்லை. ஒவ்வொரு நோயாளியும் இப்படி ஆவதற்குத்தான் நாம் பாடுபடுகிறோம்.”

சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள்.

ஐந்தாம் மாடிக்கும் தட்டில் கேக் வந்தது. அந்த நேரத்தில் டாக்டர் ராஜாராமன் சுற்றுக்கு வந்தார். சவுரிமுத்துவுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. விடாமல் ஒரு நிமிஷம் இருமினார். டாக்டர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். ‘பிற உறுப்புகளில் கோளாறு: இல்லை’ என்று அச்சடித்தே வந்திருந்தது.

“சளியா?” என்றார் கலவரத்துடன்.

“நிமோனியா சார். அஞ்சு நாளா கீது,” என்றாள் ஞானம்மாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை; அது அவர் உயிர்.

ராஜாராமன் கம்ப்யூட்டரைத் தட்டினார். முகம் மலர்ந்தது. “கவலையே வேண்டாம். மூணாவது மாடியில உங்க பேர்லயே ஒருத்தர், உங்க வயசு, உங்க ஊர். அவருக்கும் நிமோனியாதான். முழுசாக் குணமாகி இன்னைக்கு டிஸ்சார்ஜ். பல்ஸ் பாருங்க, எழுபத்திரண்டு, அசையவே இல்லை. அங்க வைத்தியம் அவ்வளவு சுத்தம். நானே பேசி உங்களை அந்தக் கட்டிலுக்கு மாத்திடட்டுமா?”

ஞானம்மாள் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சவுரிமுத்து இருமி முடித்து, மூச்சு வாங்கி, டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“வேணாம் சார். அந்தாளு நல்லாகி வூட்டுக்குப் போவட்டும். நான் இங்கியே உயிரோட கெடக்கறேன்.”